லேசர் எந்தக் கண்ணுக்குக் கைகொடுக்கும்?

குளோக்கோமாவுக்கு (கண் நரம்பைப் பாதிக்கும் கண் அழுத்த நோய்) எஸ்.எல்.டி. லேசர் (கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் இடத்தில் கதிர் பாய்ச்சி அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை) எவ்வளவு பலன் தரும் என்பதை முன்கூட்டியே சொல்வது லேசருக்கு முந்திய கண் அழுத்தம்தான். 28 மி.மீ. (பாதரச அளவு) இருந்த கண்ணில் அழுத்த இறக்கம் நன்றாகத் தெரியும். 15 இருந்த கண்ணில் கொஞ்சம்தான். திருகோணமலைக்கு கிளினிக் வருவோர் பழைய அளவீடுகள் உள்ள கொப்பியைக் கட்டாயம் கொண்டு வாருங்கள்.

அடுத்தது கோணம், அதாவது கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் மூலை. அது மூடியிருந்தால் கதிர் அங்குள்ள வடிகட்டு வலையில் (நீர் வெளியேறும் சல்லடை போன்ற திசு) படாது. வலையில் கறுப்பு நிறமி மண்டியிருந்தால் லேசர் சக்தியை 0.4 மில்லிஜூலில் தொடங்குவதே நல்லது. குமிழி எழும்பினால் 0.1 குறைக்க வேண்டும். சக்தி கூடினால் அன்றே அழுத்தம் எகிறும். ஆகவே மூதூர் பஸ்ஸுக்கு நேரமானாலும், ஒரு மணித்தியாலம் இருந்து அழுத்தம் பார்த்துவிட்டே போங்கள்.

முழுப் பலன் தெரிய 4 முதல் 6 கிழமை செல்லும். அதுவரை டொக்டர் சொல்லாமல் சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம்.