ஓட்டை இருக்கத்தான் வேணும்

வாவிக்கரைத் திடலில் ஒரு பலூனைக் கயிற்றில் கட்டி 200 அடி உயர்த்தி, அதிலிருந்து ஒரு பரசூட்டை விழுத்திப் பார்க்க எங்களுக்கு நான்கு மாதம் போனது. விழுந்தது 20 விநாடிகூட இல்லை.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். செவ்வாயில் காற்றழுத்தம் நம் தரைமட்டத்தில் இருப்பதில் ஒரு வீதம்கூட இல்லை. அதனால்தான் அங்கே இறங்கும் பரசூட்டுகளைப் பலூனில், காற்று அதேபோல மெலிந்த வெகு உயரத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கிறார்கள் என்று வகுப்பில் சொல்லப்போக, பிள்ளைகள் "நாங்களும் விடுவம் சேர்" என்று பிடித்துக்கொண்டார்கள். கயிறில்லாமல் விடும் ஆசையை, மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும் கச்சான் காற்று முடித்துவைத்தது. அந்தக் காலத்தில் விட்டால் பரசூட்டில் தொங்கும் பெட்டி கடலுக்குத்தான்.

கயிற்றோடு என்றாலும் அனுமதி வேணும். கடிதத்தில் "விண்வெளி" என்று ஒரு சொல்லைப் போட்டதுதான் நான் செய்த பெரிய பிழை. "பலூனா? கல்யாண வீட்டுக்கா?" என்று சிரித்த கிளாக்கர், அந்தச் சொல்லைக் கண்டதும் கோப்பைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். இரவு பஸ்ஸில் நானும் பின்னாலேயே போனேன். அங்கே உயரத்தை மீற்றரில் எழுதியது சரியில்லையாம், அடியில் வேணுமாம். திரும்பி வந்து, "பாடசாலைச் செயற்பாடு, 200 அடி, கயிற்றில் கட்டியது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் கையெழுத்து கிடைத்தது. நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

மறுகா தையல். செவ்வாய்க்குப் போன பரசூட்டுகள் பலவற்றில் நடுவட்டத் துணிக்கும் கீழ்ப்பட்டிக்கும் இடையே வெறும் இடைவெளி இருக்கும். காற்று அதால் வெளியேறுவதால்தான் பரசூட் ஊஞ்சலாடாமல் இறங்குகிறது. குடைத்துணியில் படம் வரைந்து மருதமுனையில் தையல்காரக் காக்கா (அண்ணன்) ஒருவரிடம் கொடுத்தேன். வாங்கப் போனால் இடைவெளியே இல்லை. "ரெண்டு துண்டாக் கிடந்திச்சு சேர், வடிவாச் சேர்த்துத் தைச்சுட்டன்" என்றார். காசும் கூட வாங்கவில்லை. பிரித்தெடுக்க இரண்டு நாள்.

பலூனுக்கு வாயு நிரப்பும் சிலிண்டர் நேரத்துக்கு வந்தது. முதல் தடவை பரசூட் பையைவிட்டு வரவே இல்லை. இரண்டாவது தடவை வந்தது, சிப் பல்லில் மாட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துகொண்டு. பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது. 2019இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தார் செவ்வாய்க்கென்று சுவீடனின் கிருணாவில் 29 கிலோமீற்றர் உயரப் பலூனிலிருந்து விட்ட 35 மீற்றர் பரசூட்டும் பையிலிருந்து உருவும்போதுதான் கிழிந்தது என்று சொன்னேன். நாசா 2014இலும் 2015இலும் ஹவாயில் பலூனில் ஏற்றிச் சோதித்த 30 மீற்றர் பரசூட் இரண்டு தடவையும் கிழிந்ததையும் சேர்த்துச் சொன்னேன். "அப்ப நாங்க பரவாயில்ல" என்றாள் ஒருத்தி. சிப் வைத்த பை வேண்டவே வேண்டாம். நாங்கள் பழைய தலையணை உறையை வெட்டி, வாயை நூலால் லேசாகக் கட்டினோம்.

மூன்றாவது தடவை விரிந்தது. பெட்டிக்குள் வைத்த முட்டை உடையவில்லை. பக்கத்தில் படுத்திருந்த மாடு மட்டும் எழும்பி ஓடியது.

வீடியோவைக் காக்காவுக்கு அனுப்பினேன். "நல்லாத்தான் இறங்குது சேர். ஆனா அந்த ஓட்டை தெரியுது. ஒருக்காக் கொண்டாங்க, தைச்சுத் தாறன்."