ஆலிவின் தட்டு முடிந்தது, அபோஃபிலைட் தட்டு முடியவில்லை

என் கனிமச் சேகரிப்பு முழுவதற்கும் இன்று ஏற்கப்பட்டுள்ள இனப்பெயர்களோடு புதிய பெயர்ச்சீட்டு எழுதும் பணியில், ஆலிவின் தட்டு ஒருவழியாக நிறைவடைந்தது. ஆலிவின் என்பது மக்னீசியமும் இரும்பும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர்ந்து கலக்கும் ஒரு கனிமத் தொடரின் பெயரே தவிர இனத்தின் பெயர் அன்று என்பதால், ஒவ்வொரு கல்லுக்கும் ஃபார்ஸ்டெரைட், ஃபயலைட் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மக்னீசியம் மிகுந்தால் முன்னது, இரும்பு மிகுந்தால் பின்னது. ஆய்வுக்கூடத்தை நாடாமல் ஒரு தராசையும் ஒரு குவளை நீரையும் வைத்தே இதைத் தீர்த்துவிட்டேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

கல்லைக் காற்றில் ஒருமுறையும் நீரில் தொங்கவிட்டு ஒருமுறையும் நிறுத்தால், குறையும் எடையிலிருந்து அடர்த்தி கிடைக்கும். நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், தூய ஃபார்ஸ்டெரைட்டின் அடர்த்தி ஏறத்தாழ 3.2, தூய ஃபயலைட்டினுடையது 4.4. கலவையில் இரும்பு கூடக் கூட அடர்த்தியும் ஏறக்குறைய நேர்கோட்டில் உயர்வதால், 3.8க்குக் கீழே நிற்கிறதா, மேலே நிற்கிறதா என்று பார்த்தாலே பெயர் கிடைத்துவிடுகிறது. பச்சைநிற மணிக்கற்கள் எதிர்பார்த்தபடியே 3.3க்கு அருகில் நின்றன. உண்மையான தொல்லை கல்லில் ஒட்டும் காற்றுக் குமிழிதான். ஒரு கிராம் எடையுள்ள கல்லின் மீது 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு குமிழி தங்கிவிட்டால், அது ஏறத்தாழ 4 மில்லிகிராம் எடையைத் தூக்கிவிடும், 3.33 என்று வர வேண்டிய அடர்த்தி 3.29 ஆகிவிடும். இதனால் இனப்பெயர் மாறாது. ஆனால் இரும்பின் விழுக்காட்டையும் சீட்டில் குறிக்க நினைப்பவருக்கு அந்தக் கணக்கில் மூன்று நான்கு புள்ளிகள் பிசகிவிடும். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் ஒரு சொட்டுச் சோப்புக் கரைசலைச் சேர்த்து, கல்லை மெல்லிய நைலான் இழையில் தொங்கவிட்ட பிறகு, விரிசல்களின் ஓரத்தை நனைந்த தூரிகையால் ஒருமுறை வருடிவிடுவதே நான் கண்ட சிறந்த வழி. இழையில் போடும் முடிச்சு நீருக்கு மேலே இருக்க வேண்டும். முடிச்சுக்குள்ளும் காற்று ஒளிந்துகொள்கிறது.

இதே உற்சாகத்தில் அபோஃபிலைட் தட்டைத் திறந்தேன். பணி அங்கேயே நின்றுபோனது. சூடாக்கினால் ஏடு ஏடாக உதிரும் இயல்பைக் கொண்டு ஃபிரெஞ்சுக் கனிமவியலாளர் ரெனே ஜுஸ்ட் ஆவுய் 1806இல் சூட்டிய அந்தப் பெயர் நெடுங்காலம் ஒரே பெயராக இருந்தது. 1978இல் அது பிரிக்கப்பட்டு, ஃபுளோரின் மிகுந்தது ஃபுளோரபோஃபிலைட் என்றும், ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த தொகுதி) மிகுந்தது ஹைட்ராக்சியபோஃபிலைட் என்றும் ஆயின. 2008இல் சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் பெயரிடல் ஆணையம் பெயர்களை ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லி முன்னொட்டைப் பிடுங்கிப் பின்னால் வைத்தது. ஃபுளோரபோஃபிலைட், அபோஃபிலைட்-(கேஎஃப்) ஆயிற்று; கே பொட்டாசியத்தின் குறி, எஃப் ஃபுளோரினின் குறி. பின்னர் 2013இல் முன்னொட்டு திரும்பி வந்தது, அடைப்புக்குறியும் போகவில்லை. இப்போது அது ஃபுளோரபோஃபிலைட்-(கே). அபடைட் என்ற பாஸ்பேட் கனிமத்தின் விஷயத்தில் இன்னும் விரைவாகவே மனம் மாறினார்கள்: ஃபுளோரபடைட்டை 2008இல் அபடைட்-(சிஏஎஃப்) ஆக்கி (சிஏ என்பது கால்சியம்), 2010இல் மீண்டும் ஃபுளோரபடைட்டாகவே விட்டார்கள். ஒரே பெயரில் இரண்டு இனங்கள் குழம்பக் கூடாது என்ற நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கையால் சீட்டு எழுதுகிறவர்களையும் அந்த ஆணையத்தில் யாராவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

எழுத்து வேலையைவிடப் பெரிய முட்டுக்கட்டை, தராசு இங்கே உதவாது என்பது. ஃபுளோரினும் ஹைட்ராக்சிலும் ஒரே இடத்தில் அமர்பவை. அவற்றில் எது பாதிக்கு மேல் இருக்கிறது என்பதே பெயரைத் தீர்மானிக்கிறது. ஆனால் எது அமர்ந்தாலும் அடர்த்தியிலும் கடினத்தன்மையிலும் நம் கருவிகளுக்கு எட்டும்படியான வேறுபாடு இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த எக்ஸ்கதிர்ப் பகுப்பாய்வுக்கு அனுப்பினாலும், அது ஹைட்ரஜனைக் காணவே காணாது. பசால்ட் குழிகளில் விளைந்த அபோஃபிலைட்டில் பெரும்பாலானவை ஃபுளோரின் மிகுந்தவை என்பது தெரிந்ததே. அதை நம்பிப் பெயரை எழுதிவிடலாம் என்று சக சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. அளக்காத ஒன்றை மையால் எழுதுவதில்லை என்று வைத்திருப்பதால், குழுப்பெயராக இன்றும் செல்லும் ‘அபோஃபிலைட்’ என்பதை மட்டும் மையிலும், மற்றதைப் பென்சிலிலும் எழுதுகிறேன்.

அடுத்த அடுக்கில் இருக்கும் சியோலைட்டுகளுக்கு, அதாவது சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்த கூண்டுபோன்ற கட்டமைப்புடைய கனிமங்களுக்கு, 1997இல் வகுக்கப்பட்ட விதி வேறு. அங்கே கட்டமைப்புக்கு வெளியே உள்ள நேரயனிகளில் (சோடியம், கால்சியம் போன்ற நேர்மின்னேற்றம் கொண்ட அணுக்களில்) எது மிகுதியோ, அதன் குறியை வெறும் இடைக்கோட்டுக்குப் பின் எழுத வேண்டும், அடைப்புக்குறி கூடாது. அருமண் தனிமங்களைக் கொண்ட மோனசைட் போன்றவற்றுக்கு 1966 முதல் அடைப்புக்குறி கட்டாயம். சியோலைட்டுகளில் ஹியூலண்டைட்டும் கிளினோப்டிலோலைட்டும் ஒரே கட்டமைப்பு உடையவை. சிலிக்கான், அலுமினிய விகிதம் 4க்குக் குறைந்தால் முதலாவது, 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் இரண்டாவது. பக்கத்து இழுப்பறைகளில் வைத்தபோதுதான் கவனித்தேன், ஃபார்ஸ்டெரைட் என்ற பெயர் லண்டனில் கனிம வணிகம் செய்த ஃபார்ஸ்டரைக் குறிக்கிறது. ஹியூலண்டைட்டின் பெயருக்கு உரிய ஹியூலண்ட், அவருடைய உறவினரும் தொழில் வாரிசும் ஆவார். கல் விற்றவர்கள் இருவருக்கு இனப்பெயர் கிடைத்திருக்கிறது; இன்று கல் விற்பவர்களோ பழைய சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ‘சியோலைட், அரியது’ என்று எழுதி அனுப்புகிறார்கள். பழைய சீட்டு எவ்வளவு தவறாக இருந்தாலும் கல்லோடு வர வேண்டும். நான் புதியதை மேலே வைத்து, பழையதை அதன் அடியிலேயே மடிக்காமல் வைக்கிறேன்.

எழுதுபொருள் பற்றியும் ஒரு வார்த்தை. 0.2 மில்லிமீட்டர் பேனா முனையில் அடைப்புக்குறியின் வளைவு தெளிவாக விழுகிறது, 0.3இல் அது உள்ளே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நிறமி மை என்று சொல்லி ஒருவர் விற்ற புட்டி, ஈர விரல் பட்டதும் பரவியது. ஆகவே எந்தப் புட்டியாக இருந்தாலும் ஒரு கோடு இழுத்து, உலரவிட்டு, நீரில் நனைத்துப் பார்க்காமல் இப்போது தொடுவதில்லை.

அபோஃபிலைட் பென்சிலிலேயே காத்திருக்கட்டும். இடையில் கார்னெட் தட்டை எடுக்கப் போகிறேன். கார்னெட் இனங்களில் பைரோப் 3.6க்கு அருகிலும் அல்மண்டைன் 4.3க்கு அருகிலும் நிற்பதால் தராசு அங்கே மீண்டும் பயன்படும். ஆனால் பைரோப்பும் இன்னொரு கார்னெட் இனமான கிராசுலாரும் அடர்த்தியில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, நடுவில் நிற்கும் கலவைகளோ எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. இரும்பும் மாங்கனீசும் மிகுந்த கார்னெட்டுகளை வலுவான நியோடிமியம் காந்தம் இழுக்கும் என்பதால், கல்லை நீரில் மிதக்கும் சிறு தக்கையின் மேல் வைத்துக் காந்தத்தை அருகே கொண்டுசெல்லும் ஏற்பாட்டைச் செய்துகொண்டிருக்கிறேன். தக்கை குவளையின் சுவரில் போய் ஒட்டிக்கொள்வதால், இன்னும் அகலமான ஒரு தட்டு தேவைப்படுகிறது.