எம்ஜிபியில் கியர் விழாத பிரச்சினை: இன்ஜினை இறக்காமலே சரிசெய்தது

என்னிடம் இருப்பது 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஓவர்டிரைவ் (ஒரே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) வைத்தது. ரிவர்ஸ் போட்டால் கர்ர்ரென்று பல் உரசும். சிக்னலில் நிற்கும்போது முதல் கியர் விழாது, லீவரைப் பிடித்துத் தள்ள வேண்டும். காலையில் வண்டி சூடேறாத நேரத்தில் மூன்றிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினால் ஒரு கடி கடிக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: சிங்க்ரோ (கியர் விழுமுன் சுற்றும் வேகங்களை ஒன்றாக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸைப் பிரி.

சொல்வது சுலபம். இந்தக் காரில் கியர்பாக்ஸை மட்டும் தனியாகக் கீழே இறக்க வழி இல்லை, இன்ஜினையும் தூக்கியாக வேண்டும். அதனால் ஒரு ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், இது உண்மையிலேயே கியர்பாக்ஸ் பிரச்சினைதானா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

இதற்கு இரண்டு சோதனை போதும். முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி விழுந்தது. அப்படியானால் லீவர், செலக்டர் பக்கம் பெரிய கோளாறு இல்லை. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்ச்சை முழுக்க மிதித்து, அப்படியே பத்து விநாடி வைத்திருந்து ரிவர்ஸ் போட்டேன். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுசாக விட்டிருந்தால் அந்தப் பத்து விநாடிக்குள் கியர்பாக்ஸின் உள்ளே சுற்றுவதெல்லாம் நின்றிருக்கும், கியர் சத்தமில்லாமல் உட்காரும். எனக்குப் பத்து விநாடி கழித்தும் கர்ர்ர்தான். ஆக, மிதித்த பிறகும் கிளட்ச் இன்ஜினோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இன்ஜின் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு ஷாஃப்ட்டை எந்த சிங்க்ரோவாலும் நிறுத்த முடியாது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

கிளட்ச் சரியாக விடவில்லை என்றால் காரணம் பெடலிலிருந்து ஃபோர்க் (கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் நெம்புகோல்) வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எம்ஜிபியில் இது ஹைட்ராலிக்: பெடல் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும், பிரேக் ஆயில் குழாய் வழியாகப் போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும், அதன் புஷ் ராட் ஃபோர்க்கைத் தள்ளும். ஒருவரைப் பெடலில் உட்கார வைத்துவிட்டு, ஜாக் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்து அந்த ராட் எவ்வளவு நகர்கிறது என்று அளப்பதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான வேலை. ஏறக்குறைய அரை அங்குலம், அதாவது 12, 13 மில்லிமீட்டர் நகர வேண்டும். எனக்கு 8 தான் வந்தது. இந்த ஒரு எண் கையில் இருந்தால் மற்றதெல்லாம் ஊகம் இல்லை. ஒவ்வொன்றாக மாற்றும்போது எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

முதல் திருடன் பெடலுக்கு அடியில் இருந்த கார்ப்பெட். முன்னால் வைத்திருந்தவர் யாரோ நல்ல மெத்தை மாதிரி ஒன்றைப் போட்டிருக்கிறார், பெடல் கடைசி வரை போகவே இல்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்ததிலேயே கொஞ்சம் முன்னேற்றம்.

இரண்டாவது, பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் ராடையும் இணைக்கும் கிளெவிஸ் பின். அதைக் கழற்றிக் கையில் பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. உருண்டையாக இருக்க வேண்டிய பின்னின் நடுவில் படி வெட்டியது போலத் தேய்ந்திருந்தது, பெடலின் ஓட்டையும் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அங்கே வீணாகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் நகராத மில்லிமீட்டர். பெடல் ஓட்டையை வெல்டிங் வைத்து நிரப்பித் திரும்பத் துளைத்து, புதுப் பின் போட்டேன். மொத்த வேலையிலும் மலிவான பொருள் இந்தப் பின்தான், அதிகம் திருப்பிக் கொடுத்ததும் இதுதான். ஸ்லேவ் பக்கமும் இதே மாதிரி ஒரு பின் இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

மூன்றாவது ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர் பெடலை மிதிக்கும்போது ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் உப்புவது தெரிந்தது. ஃபோர்க்குக்குப் போக வேண்டிய அழுத்தம் ரப்பரை ஊதப் போகிறது. ஹோஸைக் கழற்றிய கையோடு ஸ்லேவின் சீலையும் மாற்றினேன், தூசி மறைக்கும் ரப்பரைத் தூக்கியபோது உள்ளே ஈரம் இருந்தது. மாஸ்டர் சிலிண்டரை மட்டும் தொடவில்லை. பெடலை மிதித்து அப்படியே வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானாக இறங்க வேண்டும், அப்போதுதான் உள்ளே சீல் கசிகிறது என்று அர்த்தம். எனக்கு இறங்கவில்லை.

இனி ஏர் எடுப்பது, இதுதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். வழக்கமாக மேலிருந்து மிதித்து மிதித்துக் கீழே ஸ்லேவில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறப்பார்கள், இந்த வண்டியில் அப்படி எடுத்தால் காற்று எங்காவது ஒரு மூலையில் தங்கிவிடுகிறது. கீழிருந்து மேலே தள்ளுவதுதான் எனக்குக் கைகொடுத்தது: ஸ்லேவ் நிப்பிளில் ஒரு சிரிஞ்சைக் குழாயோடு மாட்டி, ஆயிலை மெதுவாக மேல்நோக்கிச் செலுத்தினால் குமிழிகள் தாமாகவே மேலே போய்விடும். மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவிலிருந்து முன்னாலேயே கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வழிந்து பெயின்ட்டைத் தின்னும். டாட் 4 (இந்த பிரேக் ஆயில்தான்) பெயின்ட்டில் பட்டால் துடைத்தால் மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகு அளந்தால் 13. ரிவர்ஸ் சத்தமில்லாமல் உட்கார்ந்தது, முதல் கியர் இரண்டு விரலால் போகிறது.

ராட் முழுசாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் மட்டும் உள்ளே சந்தேகப்படலாம். கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் சின்ன வெண்கலப் புஷ் இறுகியிருக்கலாம், ரொம்ப நாள் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். அப்போதும் இன்ஜினைத் தூக்குவதற்கு முன்னால், ஒருவர் பெடலை மிதிக்கும்போது முன்பக்கக் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னால் வருகிறது என்றால் த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தடுக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது, அது கிளட்ச்சை விடப் பெரிய தலைவலி.

மிச்சம் இருந்தது குளிர்ந்த நேரத்து இரண்டாவது கியர் கடி. இது மட்டும் உண்மையிலேயே சிங்க்ரோவின் வேலை. வடித்த ஆயிலின் வாடையிலேயே தெரிந்தது, யாரோ டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் கனமான கந்தக வாடை ஆயிலை ஊற்றியிருக்கிறார். இந்தப் பெட்டிக்கு உரியது சாதாரண 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில். ஓவர்டிரைவும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது, கண்ட சேர்மானமும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஓவர்டிரைவின் அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரையும் கழுவிவிட்டு, சரியான ஆயிலை நிரப்பினேன். கடி முக்கால்வாசி குறைந்தது, முழுசாகப் போகவில்லை. முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாவதுக்கு இறக்கும்போது நியூட்ரலில் ஒரு முறை கிளட்ச்சை விட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, திரும்ப மிதித்துப் போடுகிறேன், சத்தமே இல்லை. இதற்காக இன்ஜினைத் தூக்கப் போவதில்லை. என்றைக்காவது கிளட்ச் மாற்ற வேண்டி வரும், அப்போது சிங்க்ரோ வளையத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாளைத் தள்ளிப்போட சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடி நிற்பதை விட்டுவிட்டேன், நியூட்ரலுக்குப் போய்விடுகிறேன். எம்ஜிபியின் ரிலீஸ் பேரிங்கில் (ஃபோர்க் தள்ளும்போது கிளட்ச்சில் போய் அழுத்தும் பாகம்) குண்டுகள் கிடையாது, வெறும் கார்பன் கட்டைதான், மிதித்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் தேய்ந்துகொண்டே இருக்கும்.