அலகை உடைக்காத கழுகு

"டீச்சர், அலகு இல்லாம அஞ்சு மாசம் அது எதைச் சாப்பிடும்?"

ஞாயிறு பள்ளியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் கேட்டான். நான் அப்போது கழுகுக் கதையின் உச்சத்தில் இருந்தேன். சபைக்குப் போகிற எல்லோரும் ஒரு முறையாவது கேட்டிருக்கிற கதைதான். கழுகுக்கு எழுபது வயது ஆயுள். நாற்பதில் அலகு வளைந்து, நகம் மழுங்கி, இறகு கனத்துவிடும். அப்போது அது மலை உச்சிக்குப் போய், பாறையில் மோதித் தன் அலகை உடைத்துக்கொள்ளும். நகங்களையும் இறகுகளையும் தானே பிடுங்கும். 150 நாள் காத்திருந்து புதிதாகப் பறந்து வரும்.

பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வந்த கதை. அந்தப் பையனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன்.

அந்த வாரம் பறவைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கதை உண்மையில்லை. கழுகின் அலகு எலும்பின்மேல் நம் நகம் போன்ற பொருளால் ஆன உறை. அது வளர்ந்துகொண்டே இருக்கும், உபயோகத்தில் தேய்ந்துகொண்டே இருக்கும். அலகை உடைத்துக்கொண்ட கழுகு இரையைக் கிழிக்க முடியாமல் பட்டினியில் செத்துப்போகும். எழுபது வயதும் இல்லை. வளையம் மாட்டிக் கண்காணித்த வெண்தலைக் கழுகு ஒன்று காட்டில் 38 வருடம் வாழ்ந்ததையே பெரிய சாதனையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, அழுகை. காரணம் அம்மா.

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் வார்த்தை வராது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அம்மாவின் குரல்தான் கேட்கும். இந்தக் கழுகுக் கதையை மனதில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் அறைக்கதவைச் சாத்தி உபவாசம் இருந்தேன். பழையதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது ஆளாக வெளியே வரவேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்தேன். நான்காம் நாள் கதவைத் திறந்தபோது அதே நான்தான், பசியோடும் களைப்போடும். எனக்கு விசுவாசம் போதவில்லை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். உபவாசத்தை நான் குறை சொல்லவில்லை. கர்த்தர் வைக்காத கெடுவை நான் வைத்தேன், அதுதான் தவறு.

உண்மையான கழுகு இறகை மாற்றத்தான் செய்கிறது. ஆனால் ஒரேயடியாக அல்ல. பறக்க உதவும் பெரிய இறகுகள் ஒன்றிரண்டாக உதிரும். உதிர்ந்த இடத்தில் உறைக்குள் சுருண்ட புது இறகு, இரத்தம் ஓடும் தண்டோடு மெல்ல நீளும். அது வளர்ந்த பிறகுதான் அடுத்தவை. பெரிய கழுகுகளில் எல்லா இறகும் மாறி முடிய இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை அது மலையில் ஒளிந்துகொள்வதில்லை. வேட்டையாடுகிறது, குஞ்சுக்கு இரை கொடுக்கிறது, குறைந்த இறகுகளோடே பறக்கிறது.

"கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயதுபோலாகிறது" என்ற சங்கீதம் 103:5-ஐ இதற்குப் பிறகுதான் நான் பயமில்லாமல் வாசித்தேன். அந்த வசனத்தில் பாறையும் இல்லை, உடைந்த அலகும் இல்லை. "நன்மையினால் உன் வாயைத் திருப்தியாக்குகிறார்" என்றுதான் அது தொடங்குகிறது. பட்டினி கிடக்கும் கழுகை நான் எங்கிருந்து எடுத்தேன்?

ஏசாயா 40-க்கும் போனேன். "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுபெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்." கழுகு என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் 'நேஷர்' என்ற சொல் பிணந்தின்னிக் கழுகையும் குறிக்கும், மீகா 1:16 "கழுகைப்போல முழுமொட்டையாயிரு" என்று சொல்வது அதனால்தான் என்கிறார்கள். இந்தப் பெரிய பறவைகள் காலையில் அவசரப்படுவதில்லை. வெயில் ஏறி, தரை சூடாகி, சூடான காற்று மேலே எழும்பும்வரை கிளையிலோ பாறையிலோ உட்கார்ந்திருக்கும். அத்தனை எடையைச் சிறகடித்தே நாளெல்லாம் சுமக்க அவற்றால் முடியாது. காற்று எழும்பியதும் சிறகை விரித்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக் கழுகான காண்டோரின் உடலில் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். பறக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் சிறகடித்தது. ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கு மேல், சுமார் 172 கிலோமீட்டர், ஒரு தடவைகூடச் சிறகடிக்காமல் போயிருக்கிறது.

காத்திருப்பது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது என்று நினைத்திருந்தேன். காற்றைக் கழுகு உண்டாக்குவதில்லை. வருகிற காற்றுக்குச் சிறகை விரிக்கிறது, அவ்வளவே.

எனக்கு ஜெபம் எப்படித் திரும்ப வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் பரமண்டல ஜெபம் மட்டும், அதுவும் மற்றவர்கள் சொல்லும்போது உதட்டசைவாக. பல மாதம் கழித்து, பாத்திரம் கழுவும்போது அம்மாவின் பாட்டு ஒன்றின் முதல் அடி தானாக வாயில் வந்தது. இரண்டாம் அடிக்கு இன்னும் நாளாகியது. அந்த மாதங்களிலும் நான் ஞாயிறு பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

சொன்னபடி அடுத்த வாரம் பிள்ளைகளிடம், "டீச்சர் சொன்ன கதை தப்பு, மன்னிச்சிடுங்க" என்றேன். பறக்கும் கழுகின் பெரிய படம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். வெளுத்துப்போன பழைய இறகு எது, கருப்பாகப் பளபளக்கும் புது இறகு எது என்று தேடச் சொன்னேன். தலைகள் படத்தின்மேல் கவிழ்ந்தன. அந்தப் பையன்தான், பாதி வளர்ந்து இடைவெளிக்குள் குட்டையாக நின்ற இறகைக் கண்டுபிடித்தான். அதன்மேல் விரலை வைத்து, அடுத்த பிள்ளை தள்ளியும் எடுக்கவில்லை.

"இது இன்னும் வளருது டீச்சர்" என்றான்.