மெட்ராஸ்காரனுக்கு ஒரு சிக்கன் மெட்ராஸ்

இங்கிலாந்தில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு மீன் சிப்ஸ் கடை, ஒரு இந்தியன் டேக்அவே, அதாவது பார்சல் சாப்பாட்டுக் கடை, நிச்சயம் உண்டு. டேக்அவேயின் பெயரில் தாஜ், ராஜ், ஸ்பைஸ் மூன்றில் ஒன்று கட்டாயம். இல்லையென்றால் கடை திறக்கவே விடமாட்டார்கள் போலிருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் கிட்டர்மின்ஸ்டர், பர்மிங்காமிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். ஒரு காலத்தில் கம்பளம் நெய்தே பிழைத்த ஊர். நடந்து போகும் தூரத்திலேயே மேற்படி கடைகள் நாலைந்து இருக்கின்றன. குடிவந்த வாரமே, கதவில் இருக்கும் தபால் ஓட்டை வழியாக மெனு அட்டைகள் வந்து விழ ஆரம்பித்துவிட்டன.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கம்பள ஆலையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். எனக்குச் சென்னை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "மெட்ராஸா! வெள்ளிக்கிழமை தவறாம சிக்கன் மெட்ராஸ் சாப்பிடுறவன் நான். உங்க ஊர்ல எந்தக் கடையில மெட்ராஸ் நல்லா இருக்கும்?" நான் பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவன். அங்கே எந்த ஓட்டலிலும் யாரும் 'ஒரு சிக்கன் மெட்ராஸ்' என்று கேட்டதை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லி அவர் மனத்தை நோகடிப்பானேன்? "எல்லாக் கடையிலயும் நல்லாத்தான் இருக்கும்" என்று ஊர் மானத்தைக் காப்பாற்றினேன்.

என் மனைவிக்கு டேக்அவே என்றாலே இளக்காரம். "ஒரு டப்பா கோழிக் குழம்புக்குப் பத்து பவுண்டா? அந்தக் காசுக்கு முழுக் கோழி வாங்கி ரெண்டு நாளைக்குக் குழம்பு வைப்பேன்." கணக்கில் தப்பே இல்லை. ஆனால் இந்த நாட்டு வீடுகளில் குழம்பு வைக்க ஆகும் செலவு கோழியோடு முடிவதில்லை.

முதலில் கோட்டு. அடுப்பு மூட்டுவதற்கு முன், வாசலருகே மாட்டியிருக்கும் குளிர்காலக் கோட்டு, மஃப்ளர் எல்லாவற்றையும் மாடிக்குத் தூக்கிப்போய்ப் படுக்கையறையில் போட்டுக் கதவைச் சாத்த வேண்டும். மறந்தால் மறுநாள் பஸ்ஸில் நமக்கு முன்னால் நம் மசாலா ஏறிவிடும். அடுத்து ஸ்மோக் அலாரம். கடுகு வெடிக்கும்வரை அமைதியாக இருக்கும்; காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்த நொடி வீறிட்டு அலறும். தாளிப்பு வேறு, தீ விபத்து வேறு என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. ஆகவே சமையல் நேரத்தில் என் இடம் கூடத்தில், அலாரத்துக்கு நேர் கீழே. கையில் ஒரு துண்டு. சமையலறையிலிருந்து "இப்போ மிளகாய் போடறேன்" என்று குரல் வந்ததும் சாமிக்குச் சாமரம் வீசுகிற பக்தியோடு வீச வேண்டும். மல்லியும் மிளகாயும் வறுத்து அரைக்கிற நாளென்றால் ஜன்னல், கொல்லைக் கதவு எல்லாம் திறந்தாக வேண்டும். வெளியே இரண்டு டிகிரி. உள்ளே கம்பளி போர்த்திக்கொண்டு தும்முகிறோம், ஹீட்டர் தெருவைச் சூடாக்குகிறது. வாடகை ஏஜென்ட் வீட்டைப் பார்வையிட வருகிறார் என்று கடிதம் வந்தால் இரண்டு நாளைக்குத் தயிர்சாதம்தான்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நவம்பர் மழை நாளில், இருவரும் களைத்து வீடு திரும்பிய நேரத்தில், அவளே சொன்னாள்: "ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் வாங்கிடுங்க." குரலில் சரணாகதி இல்லை, சலுகை இருந்தது. மெனுவைப் படித்து, தனக்குத் தெரிந்த ஒரே பெயரான கொர்மாவைச் சொன்னாள். பரோட்டாவுக்கு ஊற்றும் குருமாவின் சித்தப்பா பெண் மாதிரி ஏதோ வரும் என்று நினைத்திருக்க வேண்டும். வந்தது தேங்காய்ப்பொடி, கிரீம், சர்க்கரை போட்ட மஞ்சள் கரைசல். நடுவே கோழி, பிராயச்சித்தம் செய்துகொண்டிருந்தது. ஒரு வாய் வைத்தவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வந்தாள்.

அந்தக் கடைக்குப் பிறகு நல்ல கடை தேடுவது என் பொறுப்பாயிற்று. இணைய விமர்சனங்களை நம்பிப் பயனில்லை. டெலிவரிப் பையன் மரியாதையாகப் பேசினான் என்பதற்கே ஐந்து நட்சத்திரம் போடுகிற ஜனங்கள். இங்கே உணவுக் கடைகளுக்குச் சுத்தத்தைப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்துப் பச்சை ஸ்டிக்கர் தருகிறார்கள். வேல்ஸில் அதை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் கடைக்காரர் இஷ்டம். ஒரு கடையில் அந்த ஸ்டிக்கருக்கு முன்னால் செழிப்பான பூந்தொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். செடியை நகர்த்திப் பார்க்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. அடுத்த கடைக்கு நடந்துவிட்டேன்.

அங்கேதான் பாய் கிடைத்தார். 'இந்தியன்' என்று போர்டு இருந்தாலும் இந்த நாட்டில் இப்படிப்பட்ட கடைகளில் பெரும்பாலானவை வங்காளதேசத்து சில்ஹெட் பகுதிக்காரர்களுடையவை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் நீராவிக் கப்பல்களின் எஞ்சின் அறையில் கரி அள்ளிப் போட வந்தவர்களில் சிலர் துறைமுகத்தில் இறங்கித் தங்கிவிட்டார்கள். பின்னால் சொந்தபந்தங்கள் வந்து சேர்ந்தன. என் பாயும் சில்ஹெட்தான். ஆர்டர் தயாராகும்வரை கவுண்டரில் சாய்ந்துகொண்டு நான் பேச்சுக் கொடுப்பேன், அவர் தவாவைத் தட்டிக்கொண்டே பதில் சொல்வார். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ், மிச்சம் கை ஜாடை.

அவர் சமையலறையைப் பார்த்த பிறகுதான் மெனு அட்டையில் இருக்கும் நூற்றுச் சொச்சம் ஐட்டங்களின் குட்டு வெளிப்பட்டது. குளியல் தொட்டி அளவுக்கு ஒரு பாத்திரம். மூட்டை வெங்காயத்தோடு கொஞ்சம் கேரட், குடைமிளகாய், தக்காளி, இஞ்சி பூண்டு, மஞ்சள்தூள், எண்ணெய் சேர்த்து மணிக்கணக்கில் வேகவிட்டு, தண்ணீராக அரைத்து வைத்துவிடுவார்கள். அதுதான் பேஸ் கிரேவி. கோழியும் முன்பே வெந்து ஒரு டப்பாவில் தயாராக இருக்கும். ஆர்டர் வந்ததும் அலுமினியச் சட்டியில் எண்ணெய், பூண்டு, மசாலாப்பொடி, தக்காளி விழுது, இரண்டு மூன்று கரண்டி கிரேவி. பெருந்தீயில் பத்து நிமிஷம். மிளகாய்த்தூளைத் தாராளமாகப் போட்டு எலுமிச்சை பிழிந்தால் மெட்ராஸ். இன்னும் காரம் ஏற்றி உருளைக்கிழங்கு போட்டால் விண்டாலு. பருப்பு சேர்த்தால் தன்சாக். மூடியில் பேனாவால் எழுதுகிற எழுத்துதான் பாதி வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். யோசனையில் ஆழ்ந்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே இருப்பதிலேயே பெரிய குண்டானில் வெங்காயமும் தக்காளியும் வேகத் தொடங்கின. (கேரட் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள், "அது ஏமாத்து வேலை.") ஒரே நாள் அலறலில் மாதத்துக்கான வதக்கல் முடிந்து, ஃப்ரீஸரில் ஐஸ்கிரீம் டப்பாக்களாக அடுக்கப்பட்டது. இப்போதெல்லாம் வார நாளில் கோட்டுகள் வாசலிலேயே தொங்குகின்றன.

எங்கள் நண்பர்கள் வட்டத்தில் டேக்அவேயைத் திட்டாமல் எந்த விருந்தும் முடியாது. 'இதெல்லாம் நம்ம சாப்பாடே இல்லை' என்பார்கள். சரி, இல்லைதான். 2001இல் ராபின் குக் என்ற பிரிட்டிஷ் மந்திரி, சிக்கன் டிக்கா மசாலா அசல் பிரிட்டிஷ் தேசிய உணவு என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். அவர்கள் சாப்பாட்டை அவர்கள் சாப்பாடாகவே பார்த்தால் வம்பில்லை. மழை இரவில், மழமழவென்ற மசாலாவில் நானைத் தோய்த்துத் தின்பது ஒரு தனி சுகம். அம்மா கைக்குழம்போடு ஒப்பிட்டால்தான் கண்ணீர் வரும்.

ஒரு நாள் பாய் வியாபாரம் மந்தம் என்று புலம்பினார். பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் 1810இலேயே லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தார், 1812இல் திவாலாகிவிட்டார், பிறகு பிரைட்டனில் நீராவிக் குளியலும் மசாஜும் நடத்தி ராஜாக்களுக்கே உடம்பு பிடித்துவிட்டார் என்று ஆறுதலுக்காகச் சொன்னேன். பாய் கரண்டியை நிறுத்தினார். "அப்போ நான் சலூன் வைக்கணும்கிறீங்களா, பாய்?"

அதே இரவில்தான், பின்கதவுப் பக்கமிருந்து எனக்கு மிகவும் வேண்டப்பட்ட ஒரு வாசனை வந்தது. கருவாடு! மெனுவில் இல்லையே என்று கேட்டேன். பாய்க்கு வெட்கம். "அது ஷுட்கி. எங்களுக்கு மட்டும் செய்றது. இங்க உள்ளவங்களுக்குப் பிடிக்காது." கெஞ்சிக் கேட்டதும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மூடியிலும் ஒன்றும் எழுதவில்லை. அதைத் திறந்தபோது என் மனைவி முகத்தில் வந்த மரியாதையை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. அடுத்த தடவை லண்டன் ஈஸ்ட் ஹாம் போனபோது இலங்கைத் தமிழர் கடையில் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து, கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்து பாய்க்கு அனுப்பினாள். பதிலுக்கு ஷட்கரா என்ற தடித்தோல் எலுமிச்சை போட்ட மாட்டுக்கறி வந்தது. இப்படியே பண்டமாற்று வளர்ந்துவிட்டது.

இதற்கிடையே பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு நாள் மிளகு போட்ட கோழிக் குழம்பு கொடுத்தோம். மறுநாள் கழுவிய பாத்திரத்தோடு வந்தார். ரொம்ப ருசி, மிச்சம் வைக்கவில்லை என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, நல்லெண்ணத்தோடு ஒரு யோசனையும் சொன்னார்: "ஆனா இது சரியான மெட்ராஸ் இல்லை. டேக்அவேக்காரர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க, சொல்லிக் கொடுப்பார்."

போன வெள்ளிக்கிழமை கருவாட்டுக் குழம்போடு கடைக்குப் போனேன். இன்று பின்கட்டில் என்ன சமையலோ என்று நாக்கில் எச்சில். உள்ளே பார்த்தால் பாயும் பையன்களும் எதிர்க்கடை மீன் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். "தினமும் கறியே பார்த்துக்கிட்டிருந்தா அலுத்துடுது பாய்" என்றார். குழம்பை மட்டும் மறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு, பதில் மரியாதையாக எனக்கும் ஒரு பொட்டலம் சிப்ஸ் கட்டிக் கொடுத்தார். வீட்டில் அதைப் பார்த்த மனைவி ஒரு வார்த்தை பேசாமல் மிச்சமிருந்த கருவாட்டுக் குழம்பைச் சுடவைத்து சிப்ஸ்மேல் ஊற்றினாள். சிப்ஸில் கறி சாஸ் ஊற்றித் தின்பது இந்த ஊர் வழக்கம்தானே என்று இருவரும் உட்கார்ந்தோம். அலாரம் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டுகளை மாடிக்குக் கொண்டுபோகத்தான் மறந்துவிட்டோம்.