எனக்கு மட்டும் சொன்னது

"இதை டொக்டர்மாருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மிஸ்" என்று அந்த ஆசிரியை கேட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் குழுவினர் முன் நான் அதைச் சொல்லிவிட்டேன். மூளை, முண்ணாண் நரம்புகளின் மேலுறையான மயலின் சிதையும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயாளரை நரம்பியல் நிபுணர், தாதி, இயன்மருத்துவர் எனப் பலர் சேர்ந்து பார்க்கும் கிளினிக்கில், ஒருவரிடம் சொன்னது எல்லோரிடமும் சொன்னதாகவே கொள்ளப்படும். ஆனால் தமிழில் மனம்விட்டுப் பேச அன்று அவருக்கு அங்கே இருந்தது இயன்மருத்துவரான நான் மட்டுமே.

காலி வீதியில் பஸ் ஏறினால் இடையில் கழிவறைக்கு வழியில்லை என்று, அவர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்திருந்தார். பாடசாலை நாட்களிலும் அப்படித்தானாம். மகள் நிரப்பிக் கொடுத்த போத்தல் குறையாமல் கைப்பையில் இருந்தது. அவருடைய கால்கள் திடீரெனத் தளர்ந்ததை நோயின் புதிய தாக்கம் என்று கருதி, மெதில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்டை நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் ஏற்றுவதைப் பற்றி உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். மயலின் உறை சிதைந்த நரம்பில் உடற்சூடு சிறிது கூடினாலே சமிக்ஞை தடைப்படும். உடலை வருத்தியபின் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹொஃப் 1890 இலேயே எழுதிவைத்தார். தண்ணீர் குறைத்தால் எளிதில் வரக்கூடிய சிறுநீர்த் தொற்றும் அவ்வாறே கால்களைத் தளரச் செய்து, புதிய தாக்கம் போலத் தோற்றம் காட்டக்கூடும். ஆகவே சொன்னேன்.

தொற்று இருந்தது. சிறுநீர் கழித்த பின்னும் சிறுநீர்ப்பையில் 100 மி.லீ.க்கு மேல் தேங்கியிருப்பதை ஸ்கேன் காட்டியது. ஸ்டீரொய்டு இல்லாமலே கால்கள் தேறின. தேங்கியதை வெளியேற்றும் மெல்லிய குழாயான கதீற்றரைத் தானே இட்டுக்கொள்ளத் தாதி அவருக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஸ்டீரொய்டு ஏற்றுமுன் சிறுநீரைப் பரிசோதிப்பது வழமை என்பதால், நான் வாய் திறக்காவிட்டாலும் தொற்று தெரியவந்திருக்கும். ஆயினும் அவர் ஏன் தண்ணீரைத் தவிர்க்கிறார் என்பதைப் பரிசோதனை சொல்லாது. அடுத்த தொற்றுக்கு அதுவே வழிவிட்டிருக்கும். முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்கலாமே என்பார்கள். கேட்டிருந்தால் மறுத்திருப்பார், மறுத்த பின்னும் சொல்வது இதைவிடக் கொடிது என்று அன்று நினைத்தேன், இன்றும் பாதி அப்படியே நினைக்கிறேன். மற்றப் பாதி, அவர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டதில் போய் நிற்கிறது. கோபமாக ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை. என்ன கேட்டாலும், "எல்லாம் ஃபைலில இருக்குமே, மிஸ்" என்பார்.

இப்போது நோயாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னிடம் சொல்வது குழுவுக்கும் போகும் என்று. நேர்மை அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பேச்சு முழங்காலோடு நின்றுவிடுகிறது; கழிவறையைப் பற்றி நானாகக் கேட்டால், "பிரச்சினை ஒண்டும் இல்லை" என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது.