பச்சை விளக்கைத் துரத்தியதில் மைலேஜ் போனது: ஒரு ஹைபிரிட் காரும் பன்னிரண்டு டேங்க் பெட்ரோலும்

பழைய காரைக் கொடுத்துவிட்டு, ஒருவர் கொஞ்ச காலம் ஓட்டிய ஹைபிரிட் காரை வாங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், இரண்டு மோட்டார்கள், பின்சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன பேட்டரி. வயரைச் செருகிச் சார்ஜ் போடுகிற வகை இல்லை. அலுவலகம் போக 17 கி.மீ., வர 17 கி.மீ.; அதில் 11 கி.மீ. சிக்னல் நிறைந்த ஊர்ச் சாலை, மிச்சம் பைபாஸ். வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அந்த நோட்டில் இருப்பதுதான் இது.

கணக்கு போடும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே பங்க், முடிந்தவரை அதே பம்ப். முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிடுவேன், அதற்கு மேல் 'ரவுண்டா' ஆக்குவது கிடையாது. ஓடிய கி.மீ. வகுத்தல் போட்ட லிட்டர். டேஷ்போர்டு தானே சராசரி காட்டுகிறதே, நோட்டு எதற்கு என்று கேட்கலாம். என் காரின் டேஷ்போர்டு முதல் டேங்கில் 18.7 காட்டியது. நோட்டுக் கணக்கில் 17.8. அன்றிலிருந்து திரையில் வரும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

டேங்க் 1

பழைய காரை ஓட்டிய மாதிரியே ஓட்டினேன். 612 கி.மீ., 34.4 லிட்டர், லிட்டருக்கு 17.8. பழைய கார் கொடுத்ததைவிட அதிகம்தான், ஆனாலும் ஹைபிரிட் என்று வாங்கியவனுக்கு இது போதவில்லை.

டேங்க் 2

வண்டி வெறும் மோட்டாரில் ஓடும்போது டேஷ்போர்டில் பச்சையாக 'இவி' என்று ஒரு விளக்கு எரியும். அது எரிந்தால் பெட்ரோல் செலவில்லை. ஆகவே அது எவ்வளவு நேரம் எரிகிறதோ அவ்வளவு மிச்சம். எளிய கணக்கு! அந்த மாதம் முழுக்க ஆக்சிலேட்டரை முட்டை மேல் கால் வைப்பது போல மிதித்தேன். சிக்னல் விழுந்து கிளம்பினால் சைக்கிள்காரர் என்னைத் தாண்டிப் போவார். என் மகள் பின்சீட்டிலிருந்து, "அப்பா, பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்கப்பா" என்பாள். விளக்கு எரிகிறதே, அடிக்கட்டும் என்று இருந்தேன்.

571 கி.மீ., 33.8 லிட்டர். 16.9.

ஒன்றும் செய்யாமல் ஓட்டியதைவிடக் குறைவு. அவமானமாக இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்ததில் விஷயம் புரிந்தது, புரிந்த பிறகு இவ்வளவு சாதாரணமானதா என்றும் தோன்றியது. செருகிச் சார்ஜ் போடாத காரில் பேட்டரிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எல்லாம் பெட்ரோலிலிருந்துதான். பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைப்பதும் முன்பு பெட்ரோல் எரித்து ஏற்றிய வேகம்தான். எஞ்சின் சுற்றி, ஜெனரேட்டர் அதை மின்சாரமாக்கி, பேட்டரி வாங்கி வைத்து, திருப்பிக் கொடுத்து, மோட்டார் சக்கரத்தைச் சுற்றும் வரை ஒவ்வொரு கைமாற்றிலும் கொஞ்சம் சிந்துகிறது. அதே எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுற்றினால் சிந்துவது குறைவு.

பேட்டரியின் அளவையும் பார்க்க வேண்டும். இந்த வகை காரில் அது 1.3 கிலோவாட்-மணி அளவுதான். ஆயுள் கெடாமல் இருக்க, முழுதாகக் காலியாகவும் முழுதாக நிரம்பவும் விடாமல் கம்ப்யூட்டர் நடுவில் ஒரு பகுதியை மட்டும் புழங்குகிறது. சுமாராக 0.5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. நல்ல நிலையில் எஞ்சின் அதில் 40 சதவீதம் வரை வேலையாக மாற்றும் என்றால் 3.6. ஆக, நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அந்த மின்சாரம் மொத்தமும் ஒரு டம்ளர் பெட்ரோலுக்குச் சமம். அதைக் காலி செய்துவிட்டு அடுத்த சிக்னலில் நிற்கும்போது, எஞ்சின் தானாகக் கிளம்பி பேட்டரியை நிரப்பிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் அந்த மாதம் அடிக்கடி கேட்டது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

டேங்க் 3

கியர் லீவரில் 'பி' என்று ஒன்று இருக்கிறது (B; வண்டியை நிறுத்திவைக்கும் P அல்ல). அதில் போட்டால் காலை எடுத்ததும் வண்டி நன்றாக இழுத்துப் பிடிக்கும். பேட்டரிக்குக் கூடுதலாகச் சார்ஜ் ஏறுகிறது என்று நானே முடிவு கட்டி ஒரு வாரம் 'பி'யிலேயே ஓட்டினேன். பிறகு கையேட்டைப் படித்தேன் (இதை முதலிலேயே செய்திருக்கலாம்). அது நீண்ட மலை இறக்கத்துக்கானது. பேட்டரி நிரம்பி, மேலே வாங்க இடமில்லாதபோது, எஞ்சினைச் சும்மா சுற்றவைத்து ஆற்றலைக் கரைத்து பிரேக் சூடாகாமல் காப்பதுதான் அதன் வேலை. சமதரையில் போட்டால் சேமிக்க வேண்டியதில் ஒரு பங்கைக் கரைக்கிறோம். 17.3.

டேங்க் 4

டயர். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) என்று இருந்தது, நான்கிலும் 26 தான் இருந்தது. வண்டி வாங்கி மூன்று மாதம் நான் பார்க்கவே இல்லை. காலையில் ஓட்டத் தொடங்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. ஓடிச் சூடான பிறகு பார்த்தால் கூட்டிக் காட்டும்.

இந்த டேங்க் 18.6. டயரின் மகிமை என்று எழுதிவிட்டு அப்புறம் அடித்துவிட்டேன். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்குப்படி, ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். எனக்கு 7 குறைவு, அதாவது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. மீதி ஏற்றம் 'பி'யை விட்டதாலும் அந்த மாதம் பைபாஸில் கூட்டம் இல்லாததாலும் வந்திருக்க வேண்டும். ஒரே ஒரு டேங்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று நோட்டில் பெரிதாக எழுதி வைத்தேன். தாளில் உள்ளதைவிட அதிகமாக அடித்துப் பார்க்கும் ஆசையும் வந்தது. மழைச் சாலையில் பிடிமானத்தோடு விளையாட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

டேங்க் 5 முதல் 8 வரை

மைலேஜ் உண்மையில் ஏறியது இங்கேதான்: 20.1, 20.9, 21.4, 21.2.

முதலில் கிளம்பும் விதத்தை மாற்றினேன். இந்தக் கார்களின் எஞ்சின் சாதாரண எஞ்சின் மாதிரி இல்லை. 1880-களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயர் யோசித்த சுழற்சியை ஒட்டியது. உள்ளே இழுத்த காற்றை அழுத்தும் தூரத்தைவிட, எரிந்த வாயு விரிந்து தள்ளும் தூரம் அதிகம், ஆகவே வெப்பத்திலிருந்து கூடுதல் வேலை கறக்க முடிகிறது. அதற்கு விலையாக இழுவை குறையும். அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டும். 1997-இல் டொயோட்டா பிரியஸ் என்ற ஹைபிரிட் காரை இறக்கியபோதே இந்த ஜோடி இருந்தது. இப்படிப்பட்ட எஞ்சின் மிதமான சுமையில்தான் சிக்கனமாக எரிக்கும். முனகிக்கொண்டே சுற்றும்போது அல்ல.

எனவே இப்போது சிக்னலில் கிளம்பினால் பயப்படாமல் மிதிக்கிறேன். டேஷ்போர்டில் 'இகோ', 'பவர்' என்று இரண்டு பகுதியாக ஒரு பட்டை இருக்கிறது. 'பவர்' பக்கம் எட்டிப் பார்க்காமல் 'இகோ'வின் மேல் விளிம்பு வரை. எஞ்சின் கிளம்பட்டும், அது வேலை செய்யத்தான் இருக்கிறது. 45, 50 வந்ததும் காலை முழுதாக எடுத்துவிட்டு, எஞ்சின் அணைந்த பிறகு லேசாக மிதித்துப் பிடித்துக்கொள்கிறேன். அப்போது பச்சை விளக்கு எரிகிறது. போன முறை நான் துரத்தினேன், இந்த முறை அதுவாக வருகிறது.

அடுத்தது பிரேக். மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியின் வேகத்தைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. சடாரென்று மிதித்தால் பேட்டரியால் அவ்வளவு வேகமாக வாங்க முடியாது, மிச்சத்தைச் சாதாரண பிரேக் கட்டை சூடாக்கித் தொலைக்கும். வண்டி நிற்கப்போகும் கடைசிக் கட்டத்திலும் கட்டைதான் பிடிக்கும். 1,400 கிலோ வண்டி 60-இல் போகும்போது அதில் இருப்பது சுமார் 54 வாட்-மணி, 40-இல் 24 தான். இந்த எண்களைப் பார்த்த பிறகு, பிரேக்கில் எவ்வளவு திரும்ப வாங்கலாம் என்பதை விட்டு, பிரேக்கே பிடிக்காமல் எப்படிப் போகலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன். திரும்ப வாங்குவதும் ஒரு கைமாற்றுதான், அதிலும் சிந்தும்.

ஆகவே கண்ணை முன்னால் போகும் வண்டியிலிருந்து எடுத்து அதற்கு அப்பால் வைத்தேன். அடுத்த சிக்னல் சிவப்பா? இங்கேயே காலை எடுத்துவிடு. பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஒதுங்குகிறதா? இப்போதே லேன் மாறு. தினம் போகும் சாலை என்பதால் ஆறு சிக்னல்களில் நான்கின் தாளம் மூன்று வாரத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. சிவப்பை நோக்கி உருண்டு போய், நிற்பதற்குள் பச்சை விழுந்து, 25-இலிருந்து மறுபடி ஏற்றுவது இருக்கிறதே, அந்தச் சுகமே தனி. என்னை முந்திக்கொண்டு போய் அதே சிக்னலில் நின்றவர்களைத் தாண்டிப் போகும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

பைபாஸில் 100-ஐ 85 ஆக்கினேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 85-இல் இருப்பதைவிட 100-இல் 38 சதவீதம் அதிகம். என் 6 கி.மீ. துண்டில் நான் இழப்பது 38 விநாடி. இரண்டும் 38 என்பது தற்செயல்தான், ஆனால் நினைவில் நன்றாக நிற்கிறது.

டேங்க் 9

ஹைபிரிட் பித்தர்கள் செய்யும் 'பல்ஸ் அண்ட் கிளைட்'. 55 வரை ஏற்று, காலை எடு, எஞ்சின் அணைந்ததும் திரையில் ஆற்றல் எங்கே போகிறது என்று காட்டும் அம்புக்குறி ஒன்றுமே தெரியாத அளவுக்கு மட்டும் ஆக்சிலேட்டரைத் தொட்டுக்கொண்டு மிதக்க விடு, 45-க்கு இறங்கியதும் மறுபடி ஏற்று. பேட்டரிக்குள் எதுவும் போகாது, வெளியேயும் வராது. ஞாயிறு விடிகாலை, ஆளில்லாத சாலையில் 20 கி.மீ. செய்து பார்த்தேன். டேஷ்போர்டு 29 காட்டியது. உண்மையிலேயே வேலை செய்கிறது! திங்கட்கிழமை கூட்டத்தில் முயன்றபோது பின்னால் வந்தவர் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருப்பார். ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் வண்டிக்குப் பின்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மனைவிக்குத் தலைசுற்றல் வேறு. தினசரி ஓட்டத்துக்கு இது வேண்டாம் என்பது என் முடிவு. 21.9.

டேங்க் 10

19.4. சரிவு. தொடர் மழை, அதோடு விடுமுறை. அலுவலகம் இல்லாமல் இரண்டு கி.மீ., மூன்று கி.மீ. என்று சில்லறை ஓட்டம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் முதல் ஒரு நிமிடம் அது எரிப்பது பெரும்பாலும் புகைக்குழாயில் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கத்தான். அதற்குள் நான் பாதி தூரம் போயிருப்பேன். சூடேறும் நேரத்தில் எரித்ததெல்லாம் சூடான பிறகு நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்தால் வீண். ஒரே சுற்றில் எல்லா வேலையையும் முடி, தூரத்தில் இருப்பதை முதலில் முடி என்று மாற்றிய பிறகு கடைசி வாரம் கொஞ்சம் தேறியது.

ஏசியையும் இந்த மாதம்தான் சோதித்தேன். இந்தக் காரில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, சிக்னலில் எஞ்சின் அணைந்தாலும் குளிர் நிற்காது. ஆனால் அந்த மின்சாரமும் அதே பெட்ரோல்தான். ஏசியை அணைத்துவிட்டு வேர்த்துக்கொண்டு போவதெல்லாம் எனக்குச் சரிப்படாது. வெயிலில் நின்ற வண்டியின் கண்ணாடிகளை ஒரு நிமிடம் இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுகிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பின்சீட்டு ஓரத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஒரு ஜன்னல். அதன் மேல் மகளின் பள்ளிப் பை மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. உள்ளே ஃபில்டரில் பஞ்சும் தூசியும். பேட்டரி சூடானால் கம்ப்யூட்டர் அதைக் காப்பாற்ற வாங்குவதையும் கொடுப்பதையும் குறைத்துவிடும். சுத்தம் செய்ய பத்து நிமிடம் ஆனது. பைக்கு இப்போது வேறு இடம்.

டேங்க் 11, 12

784 கி.மீ., 34.7 லிட்டர், 22.6. இது 11. இதுவரை இதுதான் உச்சம்.

17.8-இலிருந்து 22.6 என்றால் பெரிதாகத் தெரிகிறது. 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டால் 5.6-இலிருந்து 4.4. ஒன்றேகால் லிட்டர்கூட முழுதாக இல்லை. இப்படித் திருப்பிப் பார்ப்பது நல்லது. லிட்டருக்கு 10 கொடுக்கும் வண்டியை 15 ஆக்கினால் 100 கி.மீ.க்கு 3.3 லிட்டர் மிஞ்சும், 20-ஐ 25 ஆக்கினால் 1 லிட்டர்தான். மேலே போகப் போக ஒவ்வொரு எண்ணுக்கும் பலன் சுருங்குகிறது. 25-ஐத் தொட வேண்டும் என்று எனக்கு இருந்த வெறி இதைப் போட்டுப் பார்த்த அன்று பாதி தணிந்தது.

12-ஆவது டேங்க் முழுக்க மனைவி ஓட்டினாள். நான் வெளியூர் போயிருந்தேன். அவள் திரையைப் பார்ப்பதே இல்லை, இந்த நோட்டைப் பற்றிக் கேட்டால் சிரிப்பாள். 731 கி.மீ., 33.5 லிட்டர், 21.8. எப்படி என்று கேட்டேன். "நீங்க சும்மா இருந்தீங்கல்ல, அதான்" என்றாள். அவள் கையெழுத்திலேயே நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.